மூன்று என்று காட்டிய கருவி

மார்ச் 3, செவ்வாய்

கார் சாவி தொலைந்து இரண்டு நாள். கைப்பை, சோபா இடுக்கு, அலுவலக மேசை... எங்கும் இல்லை. வீட்டில் இன்னொன்று இருக்கிறது. ஆனாலும் எடுத்தவன் வண்டியைத் தேடி வந்தால்?

அப்பாவுக்கு வலிப்பு வந்தபின் இனி ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொன்ன அன்றே, இரண்டு சாவிகளையும் என் கையில் வைத்தார். ஒன்றைக் காப்பாற்றத் துப்பில்லை எனக்கு.

மார்ச் 4

சாவிக்காரர் வேனில் வாசலுக்கே வந்தார். வண்டிப் புத்தகத்தையும் என் அடையாள அட்டையையும் போட்டோ எடுத்தார். எதற்கு?

"திருட்டு வண்டிக்குச் சாவி போட்டா நான்தானே கம்பி எண்ணணும்?"

பதிலைத் தயாராக வைத்திருப்பவர்களை எனக்குப் பிடிப்பதில்லை.

ஸ்டீயரிங்குக்குக் கீழே வயரைச் செருகிக் கருவியைப் பார்த்தார். "வண்டியோட கம்ப்யூட்டர்ல மூணு சாவி பதிவாகியிருக்கு மேடம்."

"ரெண்டுதான்."

"இதுக்குப் பொய் சொல்லத் தெரியாதுங்க."

எல்லாவற்றையும் அழித்துவிட்டு, கையிலிருந்ததையும் புதியதையும் மட்டும் பதியச் சொன்னேன். மற்றவை இனி கதவைத் திறக்கும், இன்ஜின் மட்டும் கிளம்பாது என்றார். இவரே தனக்கொன்று பதிந்துகொண்டால்? திரையைக் காட்டச் சொன்னேன். இரண்டு. வாய்க்குள் சிரித்துக்கொண்டார்.

மார்ச் 5

மூன்றாவது சாவி யாரிடம்? கருவி காட்டியதைச் சொல்லித் தம்பியைக் கேட்டேன்.

"ஆமாக்கா, உன் ஓட்டை வண்டிய வச்சு டாக்ஸி ஓட்டுறேன்."

நான் சிரிக்கவில்லை. அவன் முகம் மாறியது. "நெஜமாவே என்னையா கேக்குற?"

அப்பா பேப்பரிலிருந்து தலை எடுக்கவில்லை. "ஷோரூம்ல ரெண்டுதாம்மா குடுத்தாங்க. சாவிக்காரன் மெஷின் கோளாறா இருக்கும்."

பழையதையெல்லாம் அழித்ததை இருவரிடமும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை?

மார்ச் 6

தம்பி பேசுவதில்லை. தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குப் போய்விடுகிறான்.

மார்ச் 9, திங்கள்

இன்று பஸ்ஸில்தான் வேலைக்குப் போனேன். திரும்பி வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அப்பா சொன்னார்: "வண்டில பேட்டரி வீக்காயிடுச்சு போல. யாரையாவது வரச் சொல்லும்மா."

நேற்று மாலைவரை ஓட்டியது நான். ஒரு குறையும் இல்லை. பதிந்த இரண்டு சாவியும் என் கைப்பையில்.

"பாக்குறேம்பா."

எத்தனை மாதமாக? பள்ளி விடும் நேரத்திலுமா? பக்கத்தில் யாரும் இல்லாமல், கைகால் இழுத்துக்கொண்டால்?

மார்ச் 10

தம்பியின் அறை வாசலில் நின்று மன்னிப்புக் கேட்டேன். காரணம் கேட்டான். சொன்னேன். நகர்ந்து கட்டிலில் இடம் கொடுத்தான்.

மார்ச் 12

"பேட்டரிக்காரன் வந்தானா?"

"ஆள் கிடைக்கலப்பா. எங்க போகணும், சொல்லுங்க. நான் கூட்டிட்டுப் போறேன்."

ஜன்னல் வழியாக வண்டியைப் பார்த்தார்.

"எங்கயும் இல்லம்மா. சும்மா ஓட்டணும்."