கறுப்புக்குள் இருந்த தோடு

இன்று காலை நம் மருமகள், பீரோவுக்குப் பின்னால் கிடந்த உங்கள் கறுப்புப் பலகையை முற்றத்தில் போட்டுச் செங்கல் பொடியால் தேய்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர்த் தொட்டிக்கு மூடியாகுமாம். "மாமி, இங்கன வெள்ளையா என்னமோ தெரியுது" என்றாள். குனிந்து பார்த்தேன். முட்டை ஓடு. அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

ஜவுளிக்கடை வேலைக்கென்று சைகோனுக்குக் கப்பலேறியவர், ஓவியராகத் தூத்துக்குடிக்குத் திரும்பி வந்தீர்கள். முகத்தைக் கோணல்மாணலாகப் போட ஒரு பிரெஞ்சு வாத்தியாரிடமும், பலகையில் அரக்குப் பூசிப் படம் செய்ய அந்த ஊர்க்காரர் ஒருவரிடமும் கற்றிருந்தீர்கள். அரக்கில் வெள்ளை நிறம் வராது, அதற்கு ஒட்டவேண்டும் என்று முட்டை ஓட்டைச் சேர்த்து வைத்தீர்கள். வீடெல்லாம் ஈரச் சாக்கைத் தொங்கவிட்டீர்கள். "ஏளா, இந்த அரக்கு வெயில்ல காயாது, ஈரத்துலதான் காயும்" என்றீர்கள். உங்களுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டதென்று அம்மாவிடம் போய் அழுதேன்.

முதல் பலகையில் என்னைத்தான் வரைந்தீர்கள். நீல முகம். ஒரு கண் மாதா கோவிலைப் பார்த்தது, இன்னொன்று கடலைப் பார்த்தது. "இது யாரு, உங்க சைகோன்காரியா? எங்கப்பா முங்கி எடுத்த முத்துத் தோட்டைக்கூடக் காணோம்" என்று கத்தினேன். நீங்கள் சிரித்தீர்கள். இரண்டு நாள் உங்களோடு பேசவில்லை. மூன்றாம் நாள் பலகை முழுக்கக் கறுப்பு. கோபத்தில் என்னை அழித்துவிட்டீர்கள் என்று நினைத்து, நானும் வீம்பாக ஒன்றும் கேட்கவில்லை. அந்த வாரமே மாரடைப்பில் போய்விட்டீர்கள். இத்தனை வருஷமும் அது என்னை அரித்துக்கொண்டே இருந்தது.

"வரையறது பாதி, தேய்க்கிறது மீதி" என்று சாப்பிடும்போதெல்லாம் சொல்வீர்கள். நான் மீன்முள் எடுப்பதிலேயே இருப்பேன். இன்றுதான் அது காதில் விழுந்தது. கறுப்பைப் பூசிக் காயவைத்து, தண்ணீர் விட்டுத் தேய்த்தால்தான் உள்ளே இருக்கிற படம் வெளியே வரும் என்பதைத்தான் சொல்லியிருக்கிறீர்கள். நீங்கள் அழிக்கவில்லை. தேய்க்க உங்களுக்கு நாள் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

பலகையை வாங்கிக் கழுவி, துணியில் கரித்தூள் தொட்டு நானே தேய்த்தேன். கொஞ்சம் அழுத்தினால் முகமே போய்விடுமோ என்று நாலு தேய்ப்புக்கு ஒருதரம் கழுவிப் பார்த்தேன். மதியத்துக்குள் நீலக் கன்னம் வந்தது, பிறகு காது வந்தது. மருமகள் பார்த்த வெள்ளை அந்தக் காதில்தான் இருந்தது. முட்டை ஓட்டைத் துணுக்குத் துணுக்காக ஒட்டி என் தோட்டைச் செய்திருக்கிறீர்கள். நான் கத்தியபிறகு, கறுப்புப் பூசுவதற்கு முன்னால்.

கண்ணை மட்டும் மாற்றவில்லை. உங்கள் பிடிவாதம் எனக்குத் தெரியாதா.

நீங்கள் போன அன்று கழற்றிய தோட்டை நான் பிறகு தொடவே இல்லை. நாளைக் காலைப் பூசைக்கு அதைப் போட்டுக்கொண்டு போகப் போகிறேன். யாராவது கேட்டால், நேற்றுத்தான் அவர் போட்டுவிட்டார் என்று சொல்வேன்.