பால் டிப்போ தெருவுக்கு வழி

மார்ச் 4, செவ்வாய்

இன்று கடைக்கு ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்களைவிட வழி கேட்டு வந்தவர்கள்தான் அதிகம். ஒருவர் பல் ஆஸ்பத்திரி எங்கே என்றார். எனக்குத் தெரியாது. பழைய தியேட்டர் பக்கத்தில் திரும்புங்கள், அங்கே யாரைக் கேட்டாலும் சொல்வார்கள் என்று கையை நீட்டினேன். தியேட்டரை இடித்துப் பல வருஷம் ஆகிறது. இருந்தாலும் எங்களுக்கு எல்லா வழியும் அங்கிருந்துதான் தொடங்கும்.

இந்த ஊரில் யாரும் 'தெரியாது' என்று சொல்ல மாட்டோம். அது முகத்தில் அடித்த மாதிரி. தெரியாவிட்டாலும் ஏதாவது ஒரு பக்கம் காட்டிவிட வேண்டும், முடிந்தால் முனை வரை கூடப் போக வேண்டும். வெளியூர்க்காரர்கள் அலைந்துவிட்டு வந்து திட்டுகிறார்கள். திட்டட்டுமே. கேட்டவரை வெறுமனே அனுப்பாத ஊர் வேறு எங்கே இருக்கிறது? எனக்கு இதற்காகவே இந்த ஊர் பிடிக்கும்.

அண்ணன் சாப்பிட்டதை மறந்துவிட்டு மறுபடியும் தட்டோடு வந்து உட்கார்ந்தான். போட்டேன்.

மார்ச் 9, ஞாயிறு

அண்ணனுக்கு டாக்டர் மாத்திரையைக்கூட மாற்றவில்லை. "இனிமே இறங்குமுகம்தாம்மா. கதவப் பூட்டி வெச்சுக்குங்க" என்றார். ஊர் முழுக்க பஸ் ஓட்டியவனைப் பூட்டி வைப்பதாம்.

என் போன் நம்பரையும் விலாசத்தையும் ஒரு சீட்டில் எழுதி அவன் சட்டைப் பையில் வைத்து ஊக்கு குத்தினேன். சமர்த்தாக நின்று குத்திக்கொண்டான். பிறகு, "பாப்பா, நேரமாச்சு, வீட்டுக்குப் போலாம் வா" என்றான். எந்த வீடு என்று கேட்டால் பால் டிப்போ தெரு என்கிறான். நாங்கள் பிறந்த வீடு. அந்தத் தெருவே இப்போது இல்லை, மேம்பாலத் தூண்தான் நிற்கிறது. இரண்டு பேருக்கும் கல்யாணம் ஆகவில்லை, பிள்ளை குட்டி இல்லை. அவனுக்கு நான், எனக்கு அவன். அதிலும் அவன் பாதி போய்விட்டான்.

மார்ச் 10, திங்கள்

பூட்டு வாங்கவில்லை. மனசு வரவில்லை.

மார்ச் 15, சனி

அண்ணனைக் காணோம். மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்து பார்க்கிறேன், கதவு திறந்து கிடக்குது. செருப்பு இல்ல. எங்க போனான்? இந்த வெயில்ல எங்க போய் நிக்கிறானோ—

மார்ச் 16, ஞாயிறு

அவன் போன வழி கிடைத்தது. கிடைத்து என்ன.

பஞ்சர் கடைக்காரர் பார்த்திருக்கிறார். "பால் டிப்போ தெரு கேட்டாரு, அக்கா. நான்தான் மார்க்கெட் வரைக்கும் கூட்டிட்டுப் போய் விட்டேன்" என்றார். மார்க்கெட்டில் பூக்காரம்மா நிழலில் உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, ரயில்வே கேட் பக்கம் அனுப்பியிருக்கிறாள். கேட் அருகில் ஒரு ஆட்டோக்காரர் காசே வாங்காமல் பஸ் நிலையத்தில் இறக்கியிருக்கிறார். ஒருத்தருக்கும் அந்தத் தெரு தெரியாது. எல்லோரும் வழி சொல்லியிருக்கிறார்கள். என்னிடம் சொல்லும்போது ஒவ்வொருவர் முகத்திலும் ஒரு நல்லது செய்த நிறைவு. அவர்களை என்னவென்று திட்டுவது? நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

பையில் அந்தச் சீட்டு இருந்தது. யாராவது ஒருத்தர், "தெரியலையே பெரியவரே, நீங்க யாரு, எங்கேர்ந்து வரீங்க"ன்னு கேட்டிருந்தா போதும். எடுத்துக் காட்டியிருப்பான்.

மார்ச் 20, வியாழன்

பஸ் நிலையத்தில் டீக்கடைக்காரர் போட்டோவைப் பார்த்ததும் தலையாட்டினார். வெளியூர் ஒன்றில் பெரிய பால் டிப்போ இருப்பதாக அவருக்கு ஞாபகமாம். பஸ் ஏற்றி, ஜன்னலோரம் சீட்டும் பிடித்துக் கொடுத்தாராம். "போய்ச் சேந்துட்டாருல்ல?" என்று கேட்டார். தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 2, புதன்

அந்த ஊருக்கு மூன்றாம் முறை போய்வந்தேன். ஆஸ்பத்திரி, ஸ்டேஷன், பிணவறை எல்லாம் பார்த்தாயிற்று. பஸ் நடுவில் எத்தனையோ இடத்தில் நிற்கிறது, எங்கே இறங்கினானோ. போலீஸ்காரர் நல்ல மாதிரிதான். தகவல் வந்தால் சொல்கிறோம் என்கிறார்.

என் மெஷினிலேயே காணவில்லை நோட்டீஸ் போட்டேன். டோனர் தீர்ந்துகொண்டே வந்து, கடைசிக் காகிதங்களில் அண்ணனுடைய மூக்குக் கண்ணாடி மட்டும்தான் தெரிகிறது. அதையும் ஒட்டினேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

அவன் தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன்.

ஏப்ரல் 21, திங்கள்

கடை திறந்தேன். திறக்காமல் எத்தனை நாள் உட்கார்ந்திருப்பது.

பதினொரு மணி இருக்கும், பை தூக்கிக்கொண்டு ஒரு பெரியவர் வந்து ஏதோ ஒரு தெருவைக் கேட்டார். என் கை தானாகத் தியேட்டர் பக்கம் எழுந்தது. பிடித்து இழுத்து மேஜை மேல் வைத்தேன்.

"தெரியாதுங்க."

அவர் நகரவில்லை. நான் இன்னும் ஏதாவது சொல்வேன் என்று நின்றார். பிறகு என்னையும் கடையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ஊருக்குப் புதுசாம்மா?" என்று கேட்டார்.

ஆமாம் என்றேன்.