மோட்டார் பக்கம் மாட்டிய மீட்டர்

திருக்காட்டுப்பள்ளி,
9.10.1995

மகன் செல்லதுரைக்கு அம்மா எழுதுவது. நான் உயிரோடு இருக்கிறேன், மாடும் கன்றும் சுகம். மஸ்கட்டில் நீயும் சுகமாகத்தான் இருப்பாய், இல்லாவிட்டால் நிலத்தைப் பஞ்சநதத்துக்கே கொடுத்துவிடலாம் என்று போன மாதம் எழுத உனக்குத் தெம்பு இருந்திருக்காது. அந்த ஒன்றரை ஏக்கருக்காக உன் அப்பா ஏழு வருஷம் கோர்ட்டுக்கு நடந்தார். நம்மைக் குத்தகையிலிருந்து கிளப்ப பஞ்சநதத்தின் அப்பா நாற்றங்காலில் மாட்டை விட்டு மேய்த்தபோது நீ என் இடுப்பில் இருந்தாய். அதெல்லாம் உனக்கு நினைவிருக்க வேண்டாம், நிலம் யாருடையது என்றாவது நினைவிருக்கலாம்.

வாய்க்காலில் தண்ணீர் இல்லை, போர் தண்ணீரை நம்பித்தான் சம்பா. இரண்டு மாதத்தில் மோட்டார் இரண்டு தடவை எரிந்துவிட்டது. கரண்ட் சரியாக வரவில்லை என்றால் மின்சார ஆபீசில் ஆதாரத்தை எழுத்தில் கேட்கிறார்கள். உன்னிடம் யோசனை கேட்டதற்கு, காகிதச் சுருளில் தானாகவே கோடு போட்டு வோல்டேஜையும் ஆம்பியரையும் பதியும் பெட்டி வாங்கச் சொன்னாய். அதன் விலைக்கு இரண்டு ஜோடி உழவு மாடு வாங்கலாம். பட்டுக்கோட்டையில் மோட்டார் காயில் கட்டும் ஹபீப் முகம்மதுதான் வழி சொன்னார். மூன்று பேஸையும் மாற்றி மாற்றிப் பார்க்க ஸ்விட்ச் வைத்த ஒரு வோல்ட் மீட்டர், கம்பியைக் கவ்விப் பிடித்தால் ஆம்பியர் காட்டும் பழைய டாங் டெஸ்டர் ஒன்று, ஒரு நோட்டு, ஒரு கடிகாரம், இவை போதும் என்றார். எங்கே மாட்டுவது என்று நீதான் எழுதினாய், மோட்டார் வாயிலேயே மாட்டு என்று. அப்படியே மாட்டி ஒன்பது நாள் வெயிலில் உட்கார்ந்து அரை மணிக்கு ஒருதரம் எழுதினேன். ஆபீசில் அதிகாரி நோட்டைப் புரட்டிவிட்டு, "உங்க நோட்டுப்படி மூணு பேஸும் நல்லாத்தானேம்மா இருக்கு, மோட்டாரைப் பாருங்க" என்றார். பக்கத்தில் நின்ற பஞ்சநதம் சிரித்தார். நோட்டை வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

ஹபீப் முகம்மது வந்து பார்த்த உடனே பிடித்துவிட்டார். இரண்டு பேஸ் வந்தாலும் மோட்டார் ஓட வேண்டும் என்று நம் பக்கத்தில் எல்லோரும் கண்டன்சர் போட்டிருக்கிறோம் இல்லையா, "கண்டன்சருக்கு இந்தப் பக்கம் வச்சா, வராத பேஸையும் ஓடுற மோட்டாரே வந்த மாதிரி காட்டும்ங்க. லைன் வர்ற பக்கம் மாட்டுங்க" என்றார். மாற்றி மாட்டினோம். பஞ்சநதத்தின் அரிசி மில் ஓடுகிற நேரமெல்லாம் மூன்றாவது பேஸ் செத்துக் கிடக்கிறது, அந்தக் கம்பியில் ஆம்பியர் பூஜ்யம். அதிகாரியே வந்து பார்த்து நோட்டில் கையெழுத்துப் போட்டார், மில்லுக்குத் தனி லைன் போட எழுதியிருக்கிறார். அந்தக் கண்டன்சரைப் போன வருஷம் உன் கையால் மாட்டிவிட்டுத்தான் விமானம் ஏறினாய். மறந்தாயா, மறந்தது போல எழுதினாயா என்று உன்னைத் திட்டிக்கொண்டே இருந்தேன். இப்போது கேட்கவில்லை.

நேற்று பஞ்சநதம் வீட்டுக்கு வந்து, பையனே சம்மதித்துவிட்டான் பார் என்று நீ அவருக்கு எழுதிய கடிதத்தை என் கையில் கொடுத்தார். உன் உடம்புக்கு ஒரு குறையும் வரக் கூடாது என்று காவிரிக் கரையில் விளக்கு வைத்திருக்கிறேன், பெற்ற வயிறு வேறு என்ன செய்யும். வேளைக்குச் சாப்பிடு, வெயிலில் தலையில் துணி கட்டிக்கொள். நிலத்தைப் பற்றி இனி யாருக்கும் எழுதாதே. இதுவரை உனக்கு வந்த கடிதமெல்லாம் பிறர் எழுதித் தந்தவை, இது என் கை. அறிவொளி வகுப்புக்கு ஒரு வருஷமாகப் போகிறேன். 'அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, கைநாட்டு வாங்கிக்கொள்ளுங்கள்' என்று நீ எழுதிய வரியைப் பஞ்சநதத்துக்கு நான்தான் எழுத்துக் கூட்டிச் சத்தமாகப் படித்துக் காட்டினேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
சா. ராமாயி