ஒத்துப்போகாத தகவல்

அன்பு மகள் குட்டிக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் நலம், அப்பா நலம், அப்பாவின் முழங்கால் மட்டும் நலமில்லை, அதற்குக் காரணம் கீழே வரும். நீ அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு நன்றாக இருக்கிறாய் என்று நம்புகிறேன், நம்பாமல் வேறென்ன செய்ய, போனில் கேட்டால் "சாப்பிட்டேம்மா" என்பதற்கு மேல் உன் வாயிலிருந்து ஒன்றும் வருவதில்லை. இதைப் போனிலேயே சொல்லக் கூடாதா என்று நினைப்பாய். போனில் சொன்னால் பாதியில் கத்துவாய், கடிதத்தில் கத்த முடியாது. தவிர இது உன் கைக்கு வந்து சேர்வதற்குள் எல்லாம் சரியாகியிருக்கும், அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

முந்தாநாள் நீ போனில் அழுதாயே, அங்கேயே நிரந்தரமாகத் தங்குவதற்குப் போட்ட விசா விண்ணப்பம் நின்றுபோய்விட்டது, நீ எழுதிக் கொடுத்த தகவலும் வீட்டில் விசாரித்த தகவலும் ஒத்துப்போகவில்லையாம், இத்தனை வருஷம் உழைத்ததெல்லாம் வீண்தானா என்று கேட்டாயே, அந்த ஒத்துப்போகாத தகவல் நான்தான்.

இரு, முழுக்கப் படித்துவிட்டுத் திட்டு. கல்யாணப் பேச்சை எடுக்காதே என்று நீ சொன்னாய், நானும் உன்னிடம் எடுக்கவே இல்லை. தரகரிடம்தான் எடுத்தேன். பையன் வீட்டிலிருந்து யாராவது கூப்பிடுவாங்க, பக்குவமா பேசுங்கம்மா என்று அவர் சொல்லி வைத்திருந்தார். விசா விஷயமாக விசாரிப்பார்கள் என்று நீ அப்பாவிடம் சொல்லியிருந்தாயாம், அந்த மகானுபாவர் அதைச் செய்தி பார்த்துக்கொண்டே கேட்டு, செய்தியோடு சேர்த்து மறந்தும் போய்விட்டார். இதை ஞாபகம் வைத்துக்கொள், பழி முழுக்க என் தலையில் விழ வேண்டாம். அந்த நேரம் பார்த்து ஒரு போன் வந்தது. மரியாதையான குரல், உங்க பொண்ணைப் பத்திக் கொஞ்சம் விசாரிக்கணும்மா என்றது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை, அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். வயசு கேட்டார்கள், இருபத்தெட்டு என்றேன். முப்பத்தொன்று என்று எந்தத் தாயடி போனில் சொல்வாள்? வேலை கேட்டார்கள், ஏதோ லிஃப்ட் கம்பெனியில பேருக்கு ஒரு வேலை, வேண்டாம்னா நாளைக்கே விட்டுடுவா, எதிர்த்து ஒரு வார்த்தை பேசமாட்டா என்றேன். அங்கேயே நிரந்தரமா இருக்கிற எண்ணமா என்று கேட்டதும், பெண் திரும்பி வரமாட்டாளோ என்று பையன் வீட்டில் பயப்படுகிறார்கள் போல என்று நினைத்து, சேச்சே, அங்க யாரு இருப்பா, நீங்க சரின்னு சொன்னா அடுத்த ஃப்ளைட்ல வந்து இறங்கிடுவா என்று சொல்லிவிட்டேன். அந்தப் பக்கம் எதையோ டக்டக்கென்று தட்டும் சத்தம் கேட்டது. பிடித்துப்போய்க் குறித்துக்கொள்கிறார்கள் என்று எண்ணி, நல்லா சமைப்பா என்று நானாகவே சேர்த்துவிட்டேன். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம் என்பார்கள், நான் ஐந்தே ஐந்துதான் சொன்னேன், அதில் சமையல்தான் பெரிய பொய்.

நீ அழுது போனை வைத்த பிறகுதான் எனக்குச் சந்தேகம் வந்து அப்பாவிடம் சொன்னேன், அவர் எனக்குப் போன் வந்த அந்த நம்பரைத் திரும்பக் கூப்பிட்டார், அது விசா விண்ணப்பங்களைச் சரிபார்க்கிற ஆபீஸ் என்று தெரிந்தது. நுணலும் தன் வாயால் கெடும் என்று அவர் ஆரம்பித்தவர் விடியும்வரை நிறுத்தவில்லை. காலையில் முதல் வேலையாக இரண்டு பேரும் அங்கே போனோம். ஆபீஸ் ஐந்தாவது மாடியில், லிஃப்ட் வேலை செய்யவில்லை என்று ஒரு அட்டை தொங்கியது. லிஃப்ட் இன்ஜினியரைப் பெற்றவர்கள் படியேறிப் போனோம், முழங்காலின் கதை அதுதான். அங்கே போனில் பேசிய ஆள் இருந்தார், கண்ணாடி போட்ட பையன், என் குரலைக் கேட்டதுமே சிரிப்பை அடக்கிக்கொண்டு, வாங்கம்மா, சமையல் நல்லா பண்ணுவாங்கன்னு சொன்னீங்களே என்றார். நடந்ததை எல்லாம் சொன்னேன், பிறப்புச் சான்றிதழைக் காட்டினேன். வேலையைப் பற்றிக் கேட்டபோது இந்தத் தடவை கோட்டை விடக் கூடாது என்று, அவ வந்து பார்த்து ஓகே சொல்லலேன்னா அந்த ஊர்ல ஒரு லிஃப்டும் மேல ஏறாது, மந்திரியா இருந்தாலும் படியிலதான் போகணும் என்றேன். அப்பா மேசைக்கடியில் என் காலை மிதித்தார். அந்தப் பையன், அப்போ அவங்க நம்ம கட்டடத்துக்குல்ல வேணும் என்றார். நான் எவ்வளவு ஆசையாகத் தலையாட்டினேன் தெரியுமா.

அப்புறம் அவர் நான் சொன்னதைத் திருத்தி ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு வந்தார். என் மகள் அந்த நாட்டில் நிரந்தரமாக வசிக்கும் எண்ணம் உடையவள் என்று அதில் இருந்தது. பெற்றவர்களில் ஒருத்தர் கையெழுத்துப் போட்டால் போதும் என்றார். ராத்திரி முழுக்க என்னைக் காய்ச்சி எடுத்த மனுஷன், பேனாவை வாங்கி வைத்துக்கொண்டு அந்த ஒரு வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். என் கண்ணாடியை வீட்டுல வச்சுட்டேன், நீயே போடு என்று பேனாவை என்னிடம் நீட்டினார். கண்ணாடி அவர் மூக்கின் மேல்தான் இருந்தது. நான்தான் போட்டேன். போனில் நான் சொன்ன ஐந்து பொய்யில் அந்த அடுத்த ஃப்ளைட் மட்டும் பொய்யென்று நினைத்துச் சொல்லவில்லை குட்டி, ஆசைப்பட்டுச் சொன்னது. ஆனாலும் நீ அழுத அழுகையைக் கேட்ட பிறகு கையெழுத்து நடுங்காமல் வந்தது.

ஒரு வாரத்தில் சரியாகிவிடும் என்று அந்தப் பையன் சொன்னார். அவருக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லையாம். நான் கேட்கவில்லை, சத்தியமாக அப்பாதான் கேட்டார். நீ எந்த ஊரில் இருந்தாலும் நோய்நொடியில்லாமல், நினைத்தது கைகூடி, ஆயுசோடு இருக்க வேண்டும். விசா வந்ததும் முதல் போன் எங்களுக்குத்தான் வர வேண்டும், இனிமேல் யார் போன் செய்தாலும் நீங்க யாரு என்று கேட்டுவிட்டுத்தான் வாயைத் திறப்பேன், நீயாக இருந்தாலும்.

இப்படிக்கு,
முப்பத்தொரு வயது மகளின் அம்மா