ஆறாத குழி

மார்ச் 4

அத்தைக்குக் கீழ்வரிசைக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியாயிற்று. "என்னென்ன மருந்து எடுத்துக்கிறீங்க?" என்று பல் டாக்டர் கேட்டதுதான் தாமதம், அத்தை என் பக்கம் கையைக் காட்டிவிட்டார். "எனக்கென்ன தெரியும்? என் மருமக மருந்துக்கடையில இருக்கா. அவளைக் கேளுங்க." பத்தொன்பது வருடத்தில் வெளியாள் முன்னால் என்னைப் பற்றி அவர் சொன்ன முதல் நல்ல வார்த்தை. பிரஷர், தைராய்டு, வாயுத் தொல்லை - வேளை, அளவு எல்லாம் மணிமணியாக எழுதிக் கொடுத்தேன். டாக்டர் என் கையெழுத்தை வேறு புகழ்ந்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மார்ச் 19

குழி மூடவில்லை. வாயில் ஒரு நாற்றம். அத்தை ஒரு பக்கமாக மென்று, இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து என்னைத் திட்டுகிறார்.

மார்ச் 27

பல் டாக்டர் குழியைக் கழுவிவிட்டு, "வயசானவங்களுக்கு ஆற நாளாகும்மா" என்றார். ஏழு நாளைக்கு ஆன்டிபயாடிக். எங்கள் கடையிலேயே எடுத்துக்கொண்டேன்.

ஏப்ரல் 11

டார்ச் அடித்துப் பார்த்தேன். குழிக்குள் மஞ்சளாக ஏதோ. சாப்பிட்டது ஒட்டியிருக்கிறது என்று பஞ்சால் தொட்டேன். அசையவில்லை. கல் மாதிரி இருந்தது.

எலும்பு.

"என்னடி, புதையல் தெரியுதா?" என்றார். ஒன்றுமில்லை அத்தை என்றேன்.

ஏப்ரல் 14

வேறு பல் டாக்டர். பார்த்த உடனே கையுறையைக் கழற்றிவிட்டார். "இது என் கையில இல்லைம்மா. வாய், தாடை, முக அறுவை சிகிச்சை நிபுணரைப் பாருங்க." எங்கே இருக்கிறார் என்று கேட்டேன். "பெரிய ஆஸ்பத்திரியில ஒருத்தர் இருந்தார். இப்ப இருக்காரான்னு தெரியல."

இவரிடம் சொன்னேன். "பல் டாக்டர்லயே இத்தனை தினுசா?" என்றார் மனுஷர். அம்மாவுக்கு எலும்பு தெரிகிறது, இவருக்குத் தினுசு கணக்கு.

ஏப்ரல் 17

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன்.

"காது மூக்கு தொண்டையா?"

"இல்லைங்க, தாடை."

"அப்ப பல்லா?"

"பல்லைத்தான் பிடுங்கியாச்சே! அதனாலதானே கூப்பிடறேன்."

எலும்புப் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கே ஒருவர், "நாங்க கழுத்துக்குக் கீழதாங்க" என்றார். மறுபடி முதல் ஆளே எடுத்தார். "காது மூக்கு தொண்டையா?"

ஏப்ரல் 22

நேரிலேயே போனோம். அந்த நிபுணர் மாற்றலாகிப் போய்விட்டாராம். புதிதாக வந்தவர் மாதத்துக்கு இரண்டு நாள்தான். ஜூன் வரைக்கும் இடமில்லை. ஜன்னலில் இருந்த பெண்ணிடம் கெஞ்சினேன், கத்தினேன், மறுபடி கெஞ்சினேன். அவள் தப்பில்லை, அவளும் எத்தனை பேரைத்தான் பார்ப்பாள்? நாலு மணி நேரம் அத்தை கன்னத்தில் துண்டை வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். திரும்பும்போது பஸ்ஸில் ஒரு வார்த்தை பேசவில்லை. கண்டக்டர் சில்லறை குறைத்துக் கொடுத்ததற்குக்கூட ஒன்றும் சொல்லவில்லை. அப்போதுதான் எனக்குப் பயம் பிடித்தது.

ஏப்ரல் 29

கன்னம் வீங்கிவிட்டது. கீழுதடு மரத்துப்போய், தண்ணீர் குடித்தால் முகவாயில் வழிகிறது, அவருக்கே தெரியவில்லை. துடைக்கப் போனேன். கையைத் தட்டிவிட்டார். இரண்டாவது தடவை பேசாமல் முகத்தைக் காட்டினார்.

கடையில் நாள் முழுக்க யார் யாருக்கோ, இதைச் சாப்பாட்டுக்கு முன்னால், அதைப் பின்னால் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன். வீட்டில் இருக்கிற ஒரு ஜீவனுக்கு என்னால் ஒரு டாக்டரைத் தேடிப் பிடிக்க முடியவில்லை. என்ன பண்றது? யாரைக் கேக்கறது? எனக்கு ஒண்ணும் புரியல.

மே 2

மருந்துக் கம்பெனி ரெப் ஆர்டர் எடுக்க வந்தார். என் மூஞ்சியைப் பார்த்து, "என்னக்கா, ஸ்டாக் எல்லாம் கரையான் அரிச்சிருச்சா?" என்றார். கேட்டதும் பொலபொலவென்று அழுதுவிட்டேன், வாடிக்கையாளர்கள் முன்னாலேயே. பாவம், பயந்துவிட்டார். விஷயத்தைக் கேட்டு அங்கேயே நின்று நாலு போன் போட்டார். விபத்தில் முகம் உடைந்தவர்களுக்குப் பார்க்கிற டாக்டரம்மா ஒருவர் இருக்கிறாராம். செவ்வாய்க்கிழமை வரச் சொல்லிவிட்டார்.

மே 6

எழுதவே கை வரவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

நிபுணர் சின்ன வயசு. படம் எடுத்துப் பார்த்தார், என் பட்டியலைப் படித்தார். "இடுப்பு எலும்பு முறிஞ்சதுன்னு சொன்னீங்க. அதுக்கப்புறம் எலும்பு பலத்துக்கு ஊசி ஏதாவது போடுறாங்களா?"

"ஆமா டாக்டர், ஆறு மாசத்துக்கு ஒரு தடவை. நான்தான் கூட்டிட்டுப் போறேன்" என்றார் இவர்.

"இதுல இல்லையே."

அந்த ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கு, அபூர்வமாக, பல் பிடுங்கிய இடத்தில் தாடை எலும்பு செத்துப்போகுமாம். முன்னாலேயே தெரிந்திருந்தால் பிடுங்குவதற்கு முன் யோசித்திருப்பார்கள் என்றார். அந்த ஊசி அட்டை எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில்தான் ஒட்டியிருக்கிறது. ஒரு நாளைக்குப் பத்து தடவை அந்தக் கதவைத் திறக்கிறேன். ஆனால் ஊசி ஆஸ்பத்திரியில் போடுவது. என் கடை வழியாக வீட்டுக்கு வருவதுதான் மருந்து என்று என் மண்டையில் ஏறிப்போயிருக்கிறது. அவ்வளவு அழகாக எழுதியிருந்தேன்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அப்போது அத்தை, வாயைப் பாதிகூடத் திறக்க முடியாதவர், சொன்னார்: "அவ கேட்டா டாக்டர். நான்தான் ஊசியை நிறுத்தியாச்சுன்னு சொல்லிட்டேன்."

நான் கேட்கவே இல்லை. ஒருநாளும் கேட்கவில்லை. வாயை மூடிக்கொண்டு இருந்தேன்.

மே 7

"ஏம்மா பொய் சொன்ன? உன்னாலதான் இத்தனையும்" என்று இவர் அத்தையைச் சத்தம் போட்டார். நான் சமையலறையில் இருந்தேன். போய்ச் சொல்லியிருக்கலாம். தேய்த்த பாத்திரத்தையே மறுபடி தேய்த்துக்கொண்டிருந்தேன்.

மே 15

ஆபரேஷன் முடிந்தது. இடது தாடையில் செத்த பகுதியை எடுத்துவிட்டார்கள். மிச்சத்தைத் தகடு வைத்து நிறுத்தியிருக்கிறார்கள். பரவாமல் இருந்தால் போதும் என்றார் நிபுணர். பரவாதா என்று கேட்டேன். "பார்ப்போம்" என்றார்.

மே 24

வீட்டுக்கு வந்துவிட்டார். முகம் ஒரு பக்கம் உள்வாங்கிவிட்டது. இன்னும் பேசக் கூடாது. நோட்டுப் புத்தகத்தில் எழுதிக் காட்டுகிறார். கண்ணாடியைப் பார்க்கவில்லை. நாங்களும் காட்டவில்லை.

ஜூன் 3

நேற்று இவரிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். அரை மணி நேரம் கழித்து வந்து அம்மா காலடியில் உட்கார்ந்துகொண்டார்.

இன்று மத்தியானம் சூப் கொண்டுபோனேன். அத்தை நோட்டை இழுத்து, ரொம்ப நேரம் எழுதினார். என்ன வரப் போகிறதோ என்று நின்றுகொண்டிருந்தேன்.

"அவன்கிட்ட ஏன் சொன்ன? அவன் எதிர்ல உன்னை விட்டுக்கொடுக்கக் கூடாதுன்னுதானே நான் பழியை என் தலையில போட்டுக்கிட்டேன். பைத்தியம்."

அதற்குக் கீழே:

"சூப்புல உப்பு இல்ல."

போய்ப் போட்டுக்கொண்டு வந்தேன். அவசரத்தில் கூடிப்போய்விட்டது. அத்தை ஒரு வாய் குடித்துவிட்டு என்னைப் பார்த்தார். நோட்டு பக்கத்திலேயே இருந்தது. எடுக்கவில்லை. மிச்சத்தையும் குடித்துவிட்டார்.