நிழலுக்கு வரைந்த குடை

போதும், இத்தனை வருடம் வாய் மூடி இருந்தது. நேற்று சத்திரம் பேருந்து நிலையத்தருகே ஒரு கடையில் சட்டை எடுத்தேன். வழக்கம்போல உள்தையலைப் புரட்டி லேபிளைப் பார்த்தவன், அப்படியே நின்றுவிட்டேன். அதில் ஒரு சின்னப் படம்: கொடியில் ஒரு சட்டை, அதன் மேல் ஒரு குடை. என் குடை. கைப்பிடியின் வளைவுகூட நான் போட்டதுதான்.

நீ செத்துப்போய் ஒரு வருடம் ஆகிவிட்டது. இனி யாரிடம் போய்ச் சண்டை போடுவேன்?

அரியமங்கலத்தில் லேபிள் அச்சடிக்கும் பட்டறையில் நாம் சேர்ந்து வேலை பார்த்தோம். துணி துவைக்கும் குறிகள் ஒருவருக்கும் புரியவில்லை, புதிதாக வரைவோம் என்று ஆரம்பித்தது நீதான். ஸ்ரீரங்கத்தில் உன் வீட்டுக் கூடத்தில் பழைய குறிகளைப் பரப்பி, உன் மனைவியிடம் அர்த்தம் கேட்டோம். சதுரத்துக்குள் வட்டத்தை வாஷிங் மிஷின் என்றார். அது உலர்த்தும் மிஷின். பிளீச்சிங்குக்கான முக்கோணத்தைப் பார்த்ததும், "குடும்பக் கட்டுப்பாடுதானேங்க?" என்றார். நீ காபியைச் சிந்திவிட்டுச் சிரித்தாய்.

நிழலில் உலர்த்துவதற்கான குறியில், மூலையில் இரண்டு சாய்கோடுகள். மழை என்றார். அதை மாற்றத்தான் குடை வரைந்தேன். நீ ஒப்பவில்லை.

"குடைன்னா மழைடா. மழையில காயப்போடச் சொல்றியா?"

"திருச்சியில எவன்டா மழைக்குக் குடை பிடிக்கிறான்? வெயிலுக்குத்தானே!"

"நம்ம ஊர்க்காரன் மட்டுமா சட்டை போடறான்?"

மறுவாரம் நம் குறிகளை எடுத்துக்கொண்டு துணி கம்பெனிக்கு எனக்குச் சொல்லாமல் நீ மட்டும் போனாய். திரும்பி வந்து, "குடை வேண்டாம்னு தூக்கிட்டாங்கடா" என்றாய். தனியாகப் போனதற்காகவே உன்னோடு பேசுவதை விட்டேன், வேலையையும் விட்டேன். சொன்னதும் பொய், என் குடையை நீயே விற்றிருக்கிறாய் என்பது நேற்றுதான் தெரிந்தது.

கடைப்பெண்ணிடம் லேபிளைக் காட்டி, இது என்னம்மா என்றேன்.

"வெயில்ல போடக் கூடாது சார். நிழல்ல காயப்போடுங்க." பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்து, "இதுகூடத் தெரியாதா சார்?"

அந்த நொடியில் இதை ஓடிவந்து சொல்லத் தோன்றியது உன்னிடம்தான். திருடியவனிடம்! அதற்கும் சேர்த்தே உன்னை மன்னிக்கவில்லை. இன்றும் லேபிளைப் படிக்காமல் ஒரு துணியை என்னால் உடுத்த முடியாது. அந்தப் பழக்கம் நீ ஒட்டவைத்தது.

இந்த மடலை உன் வீட்டு முகவரிக்கே அனுப்புகிறேன். உன் மனைவி பிரிப்பார், யார் எழுதியது என்பதும் புரியும். பெயரும் முகவரியும் போட்டால், உனக்காக அவர் மன்னிப்புக் கேட்டு எழுதுவார். அவர் எதற்குக் கேட்க வேண்டும்? கேட்க வேண்டியவன் நீ. கையெழுத்துப் போடாமலே தபாலில் சேர்க்கிறேன்.