பின்சீட்டுக்குப் பின்னால் டொக் டொக்

என்னங்க,

மெக்கானிக் கலையரசன் காருக்கு அடியில் படுப்பதற்குள் இதைப் படித்துவிடுங்கள். ஒரு காலில் செருப்போடு எழுதுகிறேன். கருங்குழி பஸ்ஸுக்குப் பத்து நிமிடம்தான் இருக்கிறது.

முட்டுக்காடு வரை என் அம்மாவைப் பின்சீட்டில் உட்காரவைத்து, டொக் டொக் எங்கிருந்து வருகிறதென்று கேட்கச் சொன்னீர்கள். கடைசியில், "அத்தை ஏறினாத்தான் சத்தமே வருது" என்று ஆராய்ச்சியை முடித்தீர்கள். அன்றைக்கே கோபித்துக்கொண்டு ஊருக்குப் போனவளை அழைத்துவரத்தான் கிளம்புகிறேன்.

"ஷாக் அப்சார்பர் பூட்ச்சு சார், பின்னாடி மொத்தமா கயட்டணும்" என்றாரே கலையரசன், கழற்ற விடாதீர்கள். காபி மட்டும் கொடுத்து அனுப்புங்கள்.

சாம்பார் அடுப்பின் மேல். அப்பளத்தை நீங்களே பொரித்துக்கொள்ளுங்கள்.

மங்கை

பி.கு: டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியைத் தூக்குங்கள். அடியில் ஜாக்கி கட்டவிழ்ந்து உருண்டுகொண்டிருக்கிறது. மூன்று மெக்கானிக்குகள் பார்த்தும் அதை யாரும் தூக்கவில்லை.

இன்னொன்று: அவிழ்த்துவிட்டது நான். தொண்ணூறில் பறந்த நீங்கள், சத்தம் வந்த நாள் முதல் கடற்கரைச் சாலையில் நாற்பதைத் தாண்டவில்லை. சாயங்காலம் எங்களைக் கூட்டிப்போக வரும்போதும் அப்படியே வாருங்கள்.

உங்கள் ஆராய்ச்சியும் முழுத் தப்பில்லை. யோசனை கொடுத்தது அம்மாதான்.